ஆசிரியர் அறையில் பதினெட்டுக் கதிரைகள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மழை, காற்று. வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே சேலைக்கரை நனைந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர 7.25. பிந்தி வருகிறவர்களைப் பிரிக்கிற சிவப்புக் கோடு கீறுமுன் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

அதிபர் கொள்ளுப்பிட்டியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். தலைப்பு: ஆசிரியர்களிடையே தொடர்பாடலும் ஒற்றுமையும். வந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸிஸ் சிவா, இதுக்கு நீங்கதான் சரியான ஆள். எல்லாரோடையும் கதைக்கிறனீங்கள்."

ஏன் எப்போதும் நான்? பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குப் பகுதித் தலைவி நான். வகுப்பு நேரசூசி, வராதவர்களுக்கு ரிலீஃப், பெற்றோர் முறைப்பாடு எல்லாம் ஏற்கெனவே என் தலையில். இப்போது ஒற்றுமையும்.

செய்ய வேண்டியவை:
– ஆலோசனைப் பெட்டி (பழைய பிஸ்கட் பெட்டி போதும், ஓட்டை போட வேண்டும்)
– புதன் இடைவேளையில் எல்லாருக்கும் தேநீர்
– வெள்ளி, அறிக்கை

எழும்பி வரும்போது இன்னொன்றும் சொன்னார். விஞ்ஞான டீச்சர் கௌசல்யா இடமாற்றத்துக்கு விண்ணப்பம் தந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். மலைநாட்டில் ஹற்றன் பிள்ளை, வந்து பதினொரு மாதம். அவள் வருமுன் விஞ்ஞானத்துக்கு ஆளில்லாமல் நான்கு மாதம் பதினோராம் வகுப்பு சும்மா இருந்தது. தமிழ் படிப்பிக்கிற நான் போய் ஒளித்தொகுப்பைப் போர்டில் எழுதிவிட்டு ஓடி வந்த நாட்கள். இவளும் போனால் ஓ.எல். சோதனை எடுக்கிற பிள்ளைகள் பாடு அதோகதிதான்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். புழுக்கம். ஆசிரியர் அறை விசிறி இன்றும் சுற்றவில்லை.

கௌசல்யாவைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். ஏன் பிள்ளை, போறீராம்?

"வீடு தூரம் டீச்சர்."

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வந்த அன்றும் வீடு அதே தூரம்தானே.

பத்மினியிடம் சொன்னேன். அவளும் நானும் இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

"அவ ஒருத்தரோடையும் சேரமாட்டா. சாப்பிடுறதும் லேபிலதான். பெருமை பிடிச்சவ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வளர்ந்த பிள்ளை, வந்து நாலு வார்த்தை கதைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெட்டி வைத்தாயிற்று.

ஜூலை 16, புதன்

தேநீர். கூடக் கொடுத்த ரோல்ஸ் மிச்சமில்லை, அதில் குறையில்லை.

மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்லியிருந்தேன். பத்து நிமிடத்தில் வட்டம் மூன்று துண்டு. ஆரம்பப் பிரிவு ஒரு மூலை. மாளிகாவத்தையிலிருந்து வருகிற ரிஹானா டீச்சரும் அவர் கூட்டமும் ஒரு மூலை. நாங்கள் ஜன்னல் பக்கம், அங்கேதான் காற்று. அதிபர் ஒற்றுமை பற்றிப் பேசினார். பாதிப்பேர் ஃபோனில். கௌசல்யா கதவோரம் நின்றபடி குடித்தாள், கோப்பையை வைத்தாள், ஆளைக் காணோம்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். உள்ளே:
– விசிறியைத் திருத்தவும்
– கூட்டங்களைக் குறைக்கவும் (ஐந்து பேர்)
– இந்தப் பெட்டியை எடுக்கவும்
– டொபி உறை இரண்டு

பற்றிக்கொண்டு வந்தது. ரோல்ஸ் தின்ன வாய் இருக்கிறது, ஒழுங்காக ஒரு வரி எழுதக் கை இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. பத்மினி பெரிய பிளாஸ்கில் கூழ் கொண்டுவந்தாள், கொழுக்கட்டையும். எங்கள் மூலைக்கு மட்டும் ஊற்றினாள். ரிஹானா டீச்சர் அங்கிருந்தே, "எங்களுக்கு வாசம் மட்டும்தானா டீச்சர்?" என்று கேட்க எல்லாரும் சிரித்தோம். பிறகு வெட்கத்துக்கு ஒரு கோப்பை அந்தப் பக்கம் போனது.

எனக்கு உறுத்தியது. மிச்சக் கூழை ஊற்றிக்கொண்டு லேபுக்குப் போனேன். கௌசல்யா ஸ்டூலில் இருந்தாள். மேசையில் இரண்டு துண்டு பாணும் தேங்காய்ச் சம்பலும், பக்கத்திலேயே அமிலப் போத்தல்கள்.

"இந்த மணத்துக்கை எப்பிடிச் சாப்பிடுறீர்?"

"பழகிருச்சி டீச்சர்."

"ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா என்ன? உம்மைப் பிடிச்சுத் தின்னமாட்டம்."

கூழைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அங்க உக்கார எடமில்ல டீச்சர். பதினெட்டுக் கதிரை, பதினெட்டுலயும் வெள்ளை டிப்பெக்ஸால பேர் எழுதியிருக்கு. வந்த அன்னைக்கு ஜன்னல் பக்கம் ஒன்னுல உக்காந்தேன், எழும்பச் சொன்னாங்க. அடுத்த நாள் வேற ஒன்னு. அதுக்கும் ஆள் இருக்குன்னாங்க. அப்புறம் நான் போகல்ல."

"ஆர் எழும்பச் சொன்னது? சொல்லும், நான் கேக்கிறன்."

"மொத நாள் நீங்கதான் டீச்சர்."

எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் பெரிய வெட்கம். சண்டையாகச் சொல்லியிருக்கமாட்டேன். "பிள்ளை, இது என்ர கதிரை" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு இருந்து சாப்பிட்டும் இருப்பேன். பதினொரு மாதம் அவள் மருந்து நாற்றத்துக்குள் சாப்பிட்டிருக்கிறாள். நான் பிஸ்கட் பெட்டிக்கு ஓட்டை போடுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

மழை இல்லை. அறிக்கை எழுதவில்லை.

காலையிலேயே பத்மினியிடம் கேட்டேன். போன வருடம் ஓய்வு பெற்றுப் போனவரின் கதிரையில் கைப்பையை வைத்திருக்கிறாய், அதைக் கௌசல்யாவுக்கு விடு என்றேன். "கீழ வைச்சா எறும்பு ஏறும்" என்றாள். கைப்பைக்கு இருக்கிற மரியாதை.

இடைவேளையில் கௌசல்யாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து என் கதிரையில் இருத்தினேன். எல்லாரும் பார்த்தார்கள். பிறகுதான் எனக்கு இருக்க இடமில்லை என்பது தெரிந்தது.

சாப்பாட்டுப் பெட்டியோடு நடுவில் நின்றேன். இருபது வருடம் பழகிய முகங்கள். பத்மினி பையை அசைக்கவில்லை. ரிஹானா டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொப்பி திருத்தினார். கோபம் என்றில்லை, இடம் தர ஒருவருக்கும் தோன்றவே இல்லை. நின்றபடி இடியப்பத்தைப் பிய்த்தேன். தேங்காய்ப்பால் சொதி சேலையில் கொட்டியது. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, இந்த வயதில்.

கௌசல்யா எழும்பினாள். "வாங்க டீச்சர், லேபுக்குப் போவோம். அங்க ரெண்டு ஸ்டூல் இருக்கு."

போனோம். மிச்சச் சொதியை அவள் பாணுக்கு ஊற்றினேன். கதைத்ததெல்லாம் அவள் அக்காவின் கல்யாணமும் என் முழங்காலும். விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்த பிறகு அவளே சொன்னாள்.

"டிரான்ஸ்ஃபர் ஃபோம் இன்னும் ஆபீஸ்லதான் கெடக்கு. எடுத்துர்றேன். ஒரு தவணை பாக்குறேன் டீச்சர். ஆனா நான் அங்க வரமாட்டேன். நீங்க இங்க வாங்க."

1.15க்கு ஃபோமைத் திருப்பி எடுத்துவிட்டாள். அலுவலக வாசலில் நின்று நானே பார்த்தேன்.

அதிபர் அறிக்கை கேட்டார். திங்கள் என்றேன்.

லேப் ஸ்டூலுக்கு முதுகு இல்லை, இடுப்பு இப்போதே வலிக்கிறது. திங்களுக்கு: குஷன் ஒன்று. இரண்டு பேருக்குச் சோறு.