அலுமாரிக்கு மேலே முப்பத்துநாலு கடுதாசி

கொட்டாஞ்சேனை,
18.9.1946, புதன்.

அன்பு மகள் லுத்பியாவுக்கும் மருமகன் ஸாலிஹுக்கும் பேத்தி ஜவாஹிறாவுக்கும் உம்மாவின் ஸலாம். அல்லாஹ் இந்த வாரமும் எங்களைப் படுக்கையில் போடாமல் நடமாட விட்டிருக்கிறான், பினாங்கில் உங்களையும் அப்படியே வைத்திருக்கச் சொல்லி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவின் முழங்கால் வலி குறைவு. கூப்பன் அரிசியில் கல் கூடிப்போச்சு, பொறுக்கிப் பொறுக்கிக் கண்தான் போகிறது. உன் கடிதம் போன கிழமையே வந்தது, பதில் எழுத உட்கார்ந்தால் எழும்பி ஜன்னலுக்குப் போகிறேன், வருகிறேன், திரும்பவும் போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காய்ச்சலோ என்று பயப்படாதே.

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடம் உனக்கு ஞாபகம் இருக்கும். யுத்தகாலத்தில் பட்டாளத்துக்காரர் குடியிருந்துவிட்டுப் போனதில் கூரையெல்லாம் ஒழுக்கு, அதை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப் போகிறார்கள். அரசாங்கக் கல்விக் கந்தோரில் இருந்து கட்டடப் படம் கீறி அனுப்பி, பிள்ளைகளைப் படிக்கவிடும் யாரும், ஆணோ பெண்ணோ, அபிப்பிராயத்தை எழுத்தில் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதற்கு ஏழு பேர் கொமிட்டி, பதியுதீன் ஹாஜியார் தலைவர், உன் வாப்பாவும் ஒருவர். இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஏழு பேரும் படத்தைப் பிடித்துக்கொண்டு காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, ஒரு பொம்பிளைப்பிள்ளைகூட அங்கே இல்லை. படத்தில் மாடி இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பரிசு கொடுக்க மேடைகூட இருக்கிறது. பெண்பிள்ளைகளின் கக்கூஸ் மட்டும் முந்தி இருந்த அதே இடத்தில், பையன்கள் பந்தடிக்கிற திடலைத் தாண்டிக் கடைசி மூலையில். வாசல் கேற்றும் ஒன்றுதான், ட்ராம் றோட்டுப் பக்கம், ஆம்பிளைகள் குந்தியிருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு நேரே. உன் தங்கச்சி நஸீறா காலையில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடியாமல்தான் போகிறாள், பின்னேரம் வந்தால் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஓடுகிறாள். அவளுடைய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானாம்.

வாப்பா படத்தைப் பார்த்துவிட்டு வந்து, நிலைமை இதுதான் என்றால் நஸீறாவை ஹஜ்ஜுப் பெருநாளோடு நிறுத்திவிடுவோம், பன்னிரண்டு வயதாகிறது, பெரியபிள்ளை ஆகப் போகிறாள்தானே என்றார். கக்கூஸை இந்தப் பக்கம் மாற்றச் சொல்லுங்களேன் என்றேன். ஹாஜியாருக்கு முன்னால் கக்கூஸ் கதை கதைக்கச் சொல்கிறாயா என்று என்னையே கேட்டார். பிள்ளையின் படிப்பை நிறுத்த வெட்கமில்லை, கக்கூஸ் என்று சொல்ல மட்டும் மனிதருக்கு வெட்கம்.

அந்த வாரமே ஸஹாப்தீன் வீட்டு மௌலூதுக்குப் பெண்களெல்லாம் கூடினோம். ஓதி முடிந்து சோறு வருவதற்கு முன்னால் நான் விஷயத்தை எடுத்தேன். நான்தான் எடுத்தேன் மகள், எனக்கே இன்னும் நம்பமுடியவில்லை. நோட்டீஸில் பெண்களும் எழுதலாம் என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் எழுதுவோம் என்றார்கள். ஆட்கள் அதிகம் நடமாடாத பின் ஒழுங்கைப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கேற், வகுப்புக்குக் கிட்ட மதில் கட்டித் தண்ணீரோடு கக்கூஸ், இரண்டே இரண்டு கோரிக்கை. எங்களுக்குக் குர்ஆன் ஓதப்பள்ளியில் படித்த அரபெழுத்துத்தானே கைவரும், இப்போது உனக்கு எழுதுவது மாதிரி அந்த எழுத்திலேயே நல்ல தமிழில் எழுதினோம். யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. முப்பத்துநாலு பேர் எழுதினோம். வாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அங்கே இருக்கும் கிளாக்கர் கிளறன்ஸ் என்பவர் வேதக்கார மனிதர், மிகவும் மரியாதையானவராம். கவரைத் திறந்து பார்த்திருக்கிறார், குர்ஆன் எழுத்து. புதுக் கட்டடம் நல்லபடி எழும்ப முஸ்லிம் பெண்கள் துஆ எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, கால் கை படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அபிப்பிராயக் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. போன சனிக்கிழமை கொமிட்டிக் கூட்டத்தில் எழும்பி நின்று, உங்கள் பெண்களின் பிரார்த்தனைகள் பத்திரமாக இருக்கின்றன என்று சொன்னாராம். ஹாஜியார் மகிழ்ந்துபோய் ஆமீன் சொல்ல மற்றவர்களும் ஆமீன் சொன்னார்களாம். அது என்ன கடுதாசி என்று தெரிந்த உன் வாப்பாவும் ஆமீன் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன், கையிலேயே வைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

நஸீறாவின் வகுப்பு ரீச்சர் புளோறன்ஸ், தலைமை வாத்தியார் கிளெமென்ற்றின் மனைவி, விஷயம் கேள்விப்பட்டு ஞாயிறு அன்று வீட்டுக்கு வந்தா. வியாழன் பகல் பன்னிரண்டு மணிவரை அபிப்பிராயம் வாங்குவார்கள், பிறகு படம் மேலே போய்விடும், தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் தட்டமாட்டார்கள் என்றா. அடுத்த நாளே தானே கந்தோருக்குப் போய் அலுமாரிக்கு மேலிருந்த கடுதாசிக்கட்டை இறக்கிக்கொண்டும் வந்தா. திங்கள் பின்னேரத்தில் இருந்து நான் வாசிக்க வாசிக்க நஸீறா தமிழெழுத்தில் எழுதுகிறாள். ஒருத்தி தன் மாமியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தாள், அதைப் பிள்ளைக்கு வாசிக்காமல் தாண்டினேன். பெருவிரலில் மை, கழுவியும் போகவில்லை. தன் படிப்புக்குத் தானே மனு எழுதுகிறாள் பிள்ளை.

கடைசியாக வந்தது என்னுடையது. என் மூத்த மகள் இந்தப் பள்ளியில் நாள் முழுக்கத் தண்ணீர் குடியாமல் இருந்து நாலாம் வகுப்பில் நீர்க்கடுப்பு வந்து பத்து நாள் கிடந்தாள், அதோடு அவளை நிறுத்தினோம், இரண்டாவது பிள்ளையையும் நிறுத்த வையாதீர்கள் என்று எழுதியிருந்தேன். நஸீறா பேனையை வைத்துவிட்டு, நிறுத்தினபோது ராத்தா என்ன சொன்னா என்று கேட்டாள். உனக்கு பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது ஞாபகம், டாக்குத்தர் வந்தது ஞாபகம், நீ படுத்திருந்த பாய்கூட ஞாபகம் இருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று மட்டும் ஞாபகமில்லை. நான் உன்னைக் கேட்கவே இல்லையோ என்னவோ.

இன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னுடைய அந்தக் கடுதாசியை எடுத்து வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். இருந்த இடத்தில் வைத்துவிட்டு அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. ஹாஜியார் ஆமீன் சொல்லி முடித்த விஷயத்தைத் திரும்பக் கிளறினால், உன் வாப்பாவின் பெயரைச் சொல்லி, மஜீடுக்கு வீட்டுப் பெண்ணை அடக்கத் தெரியாது என்று தெருவே கதைக்கும், அது அவருக்குப் பெரிய தலைகுனிவு, எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இந்த ஜன்னல் நடை. நாளைக்கு ஒன்பது மணிக்குப் புளோறன்ஸ் ரீச்சர் திரை போட்ட ரிக்ஷாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறா. வாப்பா கொண்டுபோனால் நல்லது, இல்லாவிட்டால் நான் போவேன். கந்தோர் வாசல் மிதித்தறியாதவள், பயமாகத்தான் இருக்கிறது. கக்கூஸ் என்ற சொல்லை ஆம்பிளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜவாஹிறாவை வருஷம் பிறக்கப் பள்ளியில் சேர்ப்பதாக எழுதியிருந்தாய். சேர்க்குமுன் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று நீயே போய்ப் பார், மருமகனை அனுப்பாதே. பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் கொடு. ஆண்டவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் பரக்கத்தும் தரவேண்டும். மறக்காமல் ஒன்று செய் மகள், நஸீறாவின் கேள்விக்குப் பதில் எழுது. அன்று நீ அழுதிருந்தால் அழுதேன் என்று எழுது, என்மேல் கோபம் இருந்தால் அதையும் ஒளிக்காதே. எனக்கு எழுதவேண்டாம், அவளுக்குத் தமிழெழுத்தில் எழுது, நாலாம் வகுப்புவரை படித்தது அதற்குப் போதும். அவள் எனக்கு வாசித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா