எடைக்குப் போன டீச்சரின் டிஸ்க்

ஜூலை 2, புதன்

இன்று ஒரு பக்கம் முழுதாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் என் கையெழுத்தை நானே படிக்கிறேன். இந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? நோட்டே, உன்னிடம்தான் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாதது எதுவும் இருக்கக் கூடாது.

டீச்சரம்மாவின் லேப்டாப் நம் கடைக்கு வந்தது. தமிழ்செல்வி டீச்சர், சூளகிரிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறவர். திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்கு இங்கே தொழிற்பேட்டையில் வேலை. "சுவிச்சப் போட்டுட்டு, டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் முழிக்க மாட்டேங்கு பாய்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

கடையில் பாதி என் பழைய இரும்பும் தராசும். மறுபாதி மகன் மன்சூரின் கம்ப்யூட்டர் ரிப்பேர். அவன் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து, விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகட்டைச் சொருகினான். மெமரியாம். "இது கடை மேஜை மாதிரி அத்தா. மேஜை பெரிசா இருந்தா நாலு சாமான ஒண்ணா பரப்பலாம்." பிறகு உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியது ஒன்றை வைத்தான். "இது குடோன். பழைய குடோன்ல இருந்தது எல்லாத்தயும் புதுசுக்கு மாத்திட்டன். இனிமே பறக்கும்."

கழற்றிய டிஸ்க்கை என் பக்கம் தள்ளினான். எதை மாற்றினாலும் பழசு கடைக்கு. அதுதான் எங்கள் வழக்கம். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதன் மேல் மார்க்கரால் "டீச்சர்" என்று அழகாக எழுதிக் கூடையில் போட்டேன். மன்சூர் சிரித்தான்.

"பழைய இரும்புக்குப் பேர் வெச்ச மொத ஆளு நீங்கதான் அத்தா."

சிரிக்கட்டும். இந்த வாரம் நான் எதில்தான் எழுதவில்லை? தராசின் மேல் "தராசு". நாற்காலியின் முதுகில் என் பேர், "கௌஸ் மொய்தீன்". மருமகள் ஃபிசா, தூங்கும்போது தன் நெற்றியிலும் எழுதிவிடுவேன் என்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

லாரி வந்தது. கூடைகளை எடை போட்டு அத்திப்பள்ளியில் மொத்தமாக வாங்கும் சிவராஜின் குடோனுக்கு அனுப்பியாயிற்று. கை வலிக்கிறது. இவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. லேப்டாப் தொட்டவுடனே திறக்கிறதாம். "கௌஸ் பாய் கடையில செஞ்சது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு சொன்னார்: "உங்க எல்லாரோட ஆதார், பாஸ்புக், போட்டோ எல்லாம் பரீட்சைக்காக இதுலதான் ஏத்தி வச்சிருக்கேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கு. ஒருத்தரும் பயப்பட வேண்டாம்."

பலகையில் ஆறு வரி எழுதிப் போட்டார். நாங்கள் பார்த்து எழுதினோம். நான் எழுதி முடித்து நிமிர்ந்தேன். நோட்டிலும் ஆறு வரி இருந்தது, பலகையிலும் ஆறு வரி இருந்தது. டீச்சர் துணியால் துடைத்த பிறகுதான் பலகையில் போனது.

அப்போதுதான் அந்தப் பழைய டிஸ்க் நினைவுக்கு வந்தது. மன்சூர் மாற்றினானா? இல்லை, பார்த்து எழுதினானா? பலகையைத் துடைத்தானா?

அந்தப் பலகை லாரியில் போய்விட்டதே.

ஜூலை 5, சனி

கடை திறந்ததும் மன்சூரிடம் கேட்டேன்.

"மாத்தறதுன்னா காப்பி பண்றதுதான் அத்தா."

"அப்ப பழசுல?"

"இருக்கும். தனியா அழிச்சாத்தான் போவும்."

"அழிச்சியா?"

அவன் திருப்புளியைத் தேடுவது போலக் குனிந்தான்.

"பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்காங்களாமே?"

"அது வாசக்கதவுப் பூட்டு. குடோனயே பேத்து எடுத்துட்டுப் போயிட்டா வாசக்கதவு என்னா பண்ணும்? வேற மிஷின்ல சொருவினா தொறந்துக்கும்."

நான் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முள் ஆடியது.

"என்னாத்துக்கு இப்பிடி பயப்படறீங்க? ஆயிரம் டிஸ்க்குல அது ஒண்ணு. எவன் பாக்கப் போறான்? டீச்சர்கிட்டப் போயி வாயத் தொறந்துடாதீங்க. ஒரு தடவ பேர் கெட்டுச்சுன்னா ஒருத்தனும் நம்ம கிட்ட லேப்டாப் குடுக்க மாட்டான்."

ஆயிரத்தில் ஒன்று. சரி. ஆனால் மற்றவை எதிலும் பெயர் இல்லை. இதில் இருக்கிறது. யார் கையில் எடுத்தாலும் இது மட்டும் கண்ணில் படும். ஒரு பொம்பளையோடதுன்னு நானே எழுதி அனுப்பியிருக்கறன். அந்தம்மா கொழந்த படமெல்லாம் அதுல இருக்கும். யா அல்லாஹ், எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாமே நான்.

சிவராஜுக்கு எத்தனை முறை போன் போட்டும் எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

குடோன் இன்று லீவு.

மத்தியானம் சரோஜம்மாள் பழைய பாத்திரம் போட வந்தாள். என் கூடப் படிக்கிறவள், பால்காரி. பேச்சுவாக்கில், பேங்கிலிருந்து யாரோ போன் பண்ணினான் என்றாள். நம்பர் கேட்டானா, சொன்னாயா என்று அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"லோன் வேணுமான்னான் பாய். லோன் இருக்கட்டும், என் மாட்ட வந்து பீச்சிட்டுப் போறியான்னு கேட்டன். வெச்சிட்டான்."

விளம்பரம்தான் போலிருக்கிறது. எல்லாருக்கும்தான் வருகிறது. ஆனால் நாளைக்கு அத்திப்பள்ளி போகாமல் தீராது.

ஜூலை 7, திங்கள்

விடிந்ததும் பஸ் ஏறினேன். மன்சூர் வரவில்லை.

ஓசூர் வரைக்கும் எல்லாப் பலகையையும் படித்துக்கொண்டே போனேன். பயத்திலும் அந்த ஆசை விடவில்லை. மருந்துக்கடை, பஞ்சர் கடை, வாடகைக்கு வீடு. ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டியதும் கர்நாடகா. அதன் பிறகு எல்லாம் கன்னட எழுத்து. ஒன்றும் புரியவில்லை. கன்னடம் நன்றாகப் பேசுவேன், ஆனால் படிக்க வராது. போன வருடம் வரை நான் இப்படித்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்தே போயிருந்தது. அத்திப்பள்ளியில் இறங்கி, பழைய காலம் போலவே வழி கேட்டுக் கேட்டுப் போனேன்.

சிவராஜ் பேசியது கன்னடம். எனக்குத் தமிழில்தான் எழுத வரும்.

"என்ன பாய், ஒரு டிஸ்க்குக்காகவா இவ்வளவு தூரம்? தராசு ஏறினா உள்ள இருக்கறதும் வாங்கினவனுக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

ஆமாம், நான் சொன்னதுதான். அவன் மீசை முளைக்காத வயதில் என் கடைக்கு வருவான், அப்போது சொன்னது. "அது இரும்புக்குச் சொன்னது சிவராஜு. இதுக்குச் சொல்லல" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு உள்ளே கூட்டிப் போனான். அங்கே டிஸ்க் மூன்று குவியல். ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. ஒரே அளவு, ஒரே நிறம். முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இங்கிலீஷ், நம்பர், கோடு. தூசியில் கண் எரிந்தது. முதல் குவியலில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.

மூன்றாவதில் "டீச்சர்". தமிழ் எழுத்து அந்தக் குடோனிலேயே அது ஒன்றுதான். அழுகை வந்துவிட்டது.

"அது ஓடுற குவியல் பாய்" என்றான் சிவராஜ்.

"அப்பிடின்னா?"

"சொருகிப் பாத்து, ஓடுறதத் தனியாப் போடுவோம். செகண்ட் ஹேண்டுல போகும்."

"சொருகினவன் தொறந்து பாத்தானா?"

"ஓடுதான்னு பார்ப்பான். அவ்வளவுதான்."

"அவனக் கூப்பிடு. நான் கேக்கறன்."

"ஊருக்குப் போயிருக்கான்."

எழுந்தபோது அந்த மூன்று குவியலையும் திரும்பிப் பார்த்தேன். இதெல்லாம் யார் யாருடையது? இதில் எத்தனையை நான் எடை போட்டு அனுப்பினேன்? எதிலும் பெயர் இல்லை. தேடி வரவும் யாரும் இல்லை.

பஸ்ஸில் டிஸ்க்கை ஜிப்பாவுக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சு வலியா பெரியவரே என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மன்சூர் சொல்கிறான்: "கெடச்சிட்டுது இல்ல? ஓட்டை போட்டுத் தூக்கிப் போட்டுடறன். விட்டுத் தள்ளுங்க."

விடலாமா? ஒருவன் சொருகியிருக்கிறான். அவன் பார்த்தானோ, பார்க்கவில்லையோ. அது எனக்கும் தெரியாது, சிவராஜுக்கும் தெரியாது. டீச்சருக்கு மட்டும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? வகுப்பு போய்விடும். இன்னும் கடிதம் எழுதவே பழகவில்லை நான்.

சொல்லாவிட்டால், நாளைக்கு சரோஜம்மாளுக்கு நிஜமாகவே ஒரு போன் வந்தால்?

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன்.

எல்லாரும் வரும் முன்னால் போய், டிஸ்க்கை மேஜையில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஓடுகிற குவியலில் கிடந்ததையும் சொன்னேன். டீச்சர் அதில் இருந்த என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பிள்ள பொறந்ததுல இருந்து எல்லாப் படமும் இதுல இருக்கு பாய்."

டிஸ்க்கைக் கையில் எடுத்தார்.

"பழசு என்னாச்சுன்னு நான் கேக்கலைதான். நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

இன்றைக்குப் பாடம் இல்லை. வந்தவர்களிடம் டீச்சரே எல்லாவற்றையும் சொன்னார். பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார்: போனில் யார் கேட்டாலும் எந்த நம்பரும் சொல்லாதீர்கள். பேங்கில் போய்க் கேளுங்கள். எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள். எல்லார் முகத்திலும் பயம். நான் வைத்த பயம்.

சரோஜம்மாள் மட்டும், "என் பாஸ்புக்கத் தொறந்து பாத்தா அவனே பரிதாபப்பட்டு ஏதாச்சும் போட்டுட்டுப் போவான்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

டிஸ்க்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க பாய்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

வகுப்பு நேரத்தில் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வேறு எழுத வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

டீச்சர் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். என்னிடம் பேசாமல் மன்சூர் முன்னால் டிஸ்க்கை வைத்தார். "என் கண்ணு முன்னால ஓட்டை போடுங்க தம்பி."

மன்சூருக்கு முகம் செத்துவிட்டது. "தப்பு என்னுதுதான்க்கா. அழிச்சிருக்கணும்" என்றான். என்னிடம்கூட அவன் அதைச் சொல்லவில்லை. டிரில்லிங் மிஷினை எடுத்து மூன்று இடத்தில் துளைத்தான். உள்ளே இருந்த தட்டு கண்ணாடி போல நொறுங்கியது. டீச்சர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உடைந்த வளையல் சத்தம்.

எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாராம். பேங்குக்கும் எல்லாரையும் கூட்டிப் போய் வந்துவிட்டாராம். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இனிமே ஆகாதுன்னு சொல்ல முடியாது பாய். பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

வாசலில் நான் நேற்று எழுதி மாட்டிய அட்டையைப் படித்தார்: "உங்கள் பழைய டிஸ்க் உங்களுடையது. கையோடு கொண்டு போங்கள். எடைக்கு வாங்குவதில்லை."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான்."

அதை இன்னொரு முறை படித்தார்.

"வெள்ளிக்கிழம ஏன் வரல? புதன்கிழம வரலன்னா ரிஜிஸ்டர்ல பேர அடிச்சிருவேன், சொல்லிட்டேன்."

ஜூலை 16, புதன்

போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டீச்சர் முன்னால் கூப்பிட்டார்.

லேப்டாப்பில் தன்னுடையதைத் தனியாகப் பூட்டிவிட்டு, படிக்கிறவர்களுக்கென்று வேறு ஒரு வாசல் வைத்திருக்கிறார். எங்கள் எழுத்துப் பயிற்சி எல்லாம் இனி அதில்தான். அதற்கு ஒரு ரகசிய எண் வேண்டுமாம்.

"நீங்க வைங்க பாய். கிளாஸ் அன்னைக்கெல்லாம் நீங்கதான் தொறந்து விடணும். இங்க ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பயம்தான், ஆனால் இது வேறு பயம். ஒவ்வொன்றாக அழுத்தினேன். திறந்துகொண்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சரோஜம்மாள் விடவில்லை. "எனக்கு மட்டும் சொல்லு பாய், ஒரு சொம்பு பால் தர்றன்." சொல்லவில்லை.

நோட்டே, உனக்கும் சொல்ல மாட்டேன்.