எவ்வளவு வலிக்கும் என்று மஞ்சு கேட்டாள்

நவ. 16, ஞாயிறு

பனி. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியவில்லை. கன்னடத்தில் மஞ்சு என்றால் பனி. கல்யாணமாகி ஐந்து மாதம், இதை வைத்து நான் அடித்த ஜோக் எதற்கும் என் மனைவி மஞ்சு சிரித்ததில்லை.

நேற்று லேசர் கிளினிக். அவள் தாடையில் முடி வளர்கிறது, அதற்காக. எப்பவாச்சும் ரெண்டு மூணு புடுங்குவேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஹார்மோனுக்கு ரத்த டெஸ்ட் எழுதினார். மாதம் ஒரு தடவை, ஆறு தடவையாவது வர வேண்டும். முதல் தடவையே நான்கு வாரம் கழித்துத்தான். ஏன் இன்றைக்கே கூடாது என்றேன். பிடுங்கிய இடத்தில் வேர் இருக்காது, லேசர் எதைப் பிடிக்கும் என்று கேட்டார். சரியான பதில். ஆகவே:

– ட்வீசர், நூல், வாக்ஸ் கூடாது
– வெயில் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது
– ஷேவ் பண்ணலாம்

கடைசியைக் கேட்டதும் ம. என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

என் அவசரத்துக்குக் காரணம் அவள் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, தூசு படக் கூடாத கிளீன் ரூம். கோட்டு, தொப்பி, மாஸ்க். கண் மட்டும் தெரியும். நான் பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பழகியதும் அந்த மாஸ்க்கோடுதான். இப்போது டிரெய்னர் ஆகச் சொல்கிறார்கள். ஜனவரியில் புது பேட்ச். வகுப்பில் மாஸ்க் கிடையாது. அத்தனை பெண்களுக்கு முன்னால் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வருஷக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "எவ்ளோ வலிக்கும் மாமா?"

தெரியாது என்று சொல்லப் பிடிக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நவ. 19, புதன்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். தூக்கம் பாக்கி.

நெட்டில் எல்லோரும் ஒரே வரி: ரப்பர் பேண்டால் சுண்டியது போல. எந்த ரப்பர் பேண்ட்? எவ்வளவு இழுத்து? ஒருத்தி ஒன்றுமே தெரியவில்லை என்கிறாள், இன்னொருத்தி அழுதேன் என்கிறாள். மிச்சப் பேர் 'லேசான அசௌகரியம்'. அசௌகரியம் என்றால் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காதது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நானும் நாள் முழுக்க லேசரோடு இருப்பவன்தான். மார்க்கிங் மெஷின், ஷாஃப்ட் மேல் பார்ட் நம்பர் எழுதும். அலைநீளம் 1064 நானோமீட்டர். கிளினிக் மெஷினைத் தேடிப் பார்த்தேன். அதே 1064. நம் நிறத்துத் தோலுக்கு அதுதான் பாதுகாப்பாம். இரும்பில் எழுதுகிற அதே ஒளி. ம.விடம் சொல்லவில்லை.

கேன்டீனில் ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிச் சுண்டிக்கொண்டிருந்தேன். மெயின்டனன்ஸ் சீனப்பா அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னா தம்பி, சிகரெட்ட உட்றியா, இல்ல காய்கறி வாங்கினு வான்னு பொண்டாட்டி கட்டி உட்டாளா?" காய்கறி என்றேன்.

வேறு: விடிகாலையில் பாத்ரூமில் குழாய்ச் சத்தத்துக்கு அடியில் ம. ஏதோ முணுமுணுப்பாள். வார்த்தை புரியாது. அவள் ஊர் பேரிகை, வீட்டில் தெலுங்கு, அதனால் தெலுங்கு ஸ்லோகமாக இருக்கும். எனக்குச் சாமி கிடையாது, கேட்டதில்லை. பாதித் தூக்கத்தில் கேட்க நன்றாக இருக்கும், தூரத்தில் தறி ஓடுகிற மாதிரி. மூன்று நாளாக இல்லை. சாமியோடு சண்டை போலிருக்கிறது.

நவ. 27, வியாழன்

முடி வளர்ந்துவிட்டது. வீட்டிலும் மாஸ்க். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து, தூங்கும்போதும் சுவரைப் பார்த்து. எனக்கு ஒன்றும் இல்லை மஞ்சு என்றேன். "உங்களுக்கு இல்ல. எனக்குத்தான இருக்குது."

மாமியார் கஸ்தூரி மஞ்சள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பாக்கெட்டை ரசப்பொடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மத்தியானத் தூக்கத்தில் கனவு. கன்வேயரில் பனி கட்டி கட்டியாக வருகிறது, நான் ஒவ்வொரு கட்டியிலும் நம்பர் எழுத வேண்டும். எழுத எழுதக் கரைகிறது. தரம் பார்க்கும் க்யூசி ஆள் நம்பர் எங்கே என்கிறான். எழுந்தபோது போர்வை முழுக்க ம.வின் எண்ணெய் வாசனை. அவள் ஷிஃப்டில். எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

சானமாவு காட்டு ரோட்டோரம் யானை நின்றதால் எங்கள் லைன் பையன் ஒருவன் நேற்று லேட். அவன் எடுத்த போட்டோவை ம.வுக்கு அனுப்பியிருந்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம், மாஸ்க்குக்குள்ளிருந்து: "அதுக்கும் தாடைல முடி இருக்குது, பாத்தீங்களா? யானை முடின்னா மோதிரம் பண்ணி போட்டுக்கறாங்க. என்துக்கு மட்டும் லேசர்."

இதைப் பற்றி அவளாகவே அடித்த முதல் ஜோக். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் லேட்டாகச் சிரித்தேன்.

டிச. 13, சனி

நாளை முதல் தடவை. இன்றைக்கே ஷேவ் செய்துவிட வேண்டும் என்று கிளினிக்கிலிருந்து மெசேஜ்.

"பொம்பள மூஞ்சில பிளேடா? முள்ளு முள்ளா வரும்." வெட்டின முனை தட்டையாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரியும், முடி தடிக்காது என்று விளக்கினேன். விளக்கம் வேலை செய்யவில்லை. ட்வீசரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ஒன்று பிடுங்கினாலும் நான்கு வாரம் வீண் என்றேன், சத்தமாக. அப்புறம் அவள், மெதுவாக: "அப்ப நீங்களே பண்ணுங்க. நான் கண்ணத் தொறக்க மாட்டன்."

ஜன்னல் ஓரம் ஸ்டூல். வெந்நீர். புது ரேசர். என் நுரை. மாஸ்க்கைக் கழற்றியவள், நுரை பூசி முடித்ததும், கண்ணை மூடியபடியே கேட்டாள், நுரை பொங்குகிற கெலவரப்பள்ளி டேம் மாதிரி இருக்கேனா என்று. அப்படியே இருந்தாள். ஆடாதே என்றேன். இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டேன். மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற கை.

முடி போகிற திசையிலேயே இழுத்தேன். மெல்லிய கரகர. வெயில் மஞ்சளாக அவள் கழுத்தில் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. நுரை போன இடத்தில் சின்னச் சின்னக் கறுப்புத் தழும்பு, தாடைக்கு அடியில் நிறைய. எப்பவாச்சும் ரெண்டு மூணுக்கு இவ்வளவா? துடைத்துவிட்டேன். ரேசரைக் கழுவி வைத்தேன், அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"எவ்ளோ வலிக்கும்?" மறுபடி.

டிச. 14, ஞாயிறு

கிளினிக். எங்களுக்கு முன்னால் ஒரு ஜிம் பையன், முதுகு முடிக்கு. கண் சிவந்து வெளியே வந்தான். சதை மேல் ஒன்றும் இல்லை ப்ரோ, எலும்பு மேல் வரும்போதுதான் என்றான். தாடை எலும்புதான். ம. கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் கம்பெனி பாதுகாப்புக் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தேன், அதே அலைநீளத்துக்கானது. மெஷின் ஓட்டுகிற அக்காவிடம் ஜூல் எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு, ஸ்பாட் எவ்வளவு என்று கேட்டேன். சார் டாக்டரா என்றார். இல்லை, ஷாஃப்ட் என்றேன்.

முதலில் என் கையில் சுடச் சொன்னேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ஒரு ஓரம் மழித்து மூன்று ஷாட். சுருக். ஊதுபத்தி நுனி பட்டதும் கையை எடுத்த மாதிரி. அப்புறம் ஒன்றும் இல்லை. கருகின முடி வாசனை. பத்துக்கு மூன்று என்று ம.விடம் அறிவித்தேன்.

"கை வேற சார், தாடை வேற" என்றார் அக்கா.

ம. படுத்தாள். கண்ணுக்கு மூடி. குளிர்ந்த ஜெல். முதல் ஷாட்டில் கால்விரல் எல்லாம் மடங்கின. இரண்டாவதில் உதடு அசைந்தது. "ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு..." தெலுங்கில் ஒரு எண், ஒரு மூச்சு, ஒரு எண். என் கண்ணாடிக்குள் அறை முழுக்கப் பச்சை, தண்ணீருக்கு அடியில் மாதிரி. இந்தத் தாளம் எனக்குத் தெரியும். ஐந்து மாதமாக விடிகாலையில் கேட்டது. குழாய்ச் சத்தம் இல்லாமல் இப்போதுதான் வார்த்தை கேட்கிறது. ஸ்லோகம் இல்லை. எண்ணிக்கை.

அக்காவுக்கும் தெலுங்கு தெரியும். "சார் ஜூல எண்ணறாரு, மேடம் ஷாட்ட எண்ணறாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது வண்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, எப்போதிலிருந்து என்று கேட்டேன். டென்த்திலிருந்தாம். தினமும். எண்ணிக்கொண்டே பிடுங்கினால் எங்கேயோ முடிந்துவிடும் என்று தோன்றுமாம்.

இன்றைக்குப் பத்துக்கு எவ்வளவு என்றேன்.

"ஆறு. உதட்டுக்குக் கிட்ட ஏழு. காலைல புடுங்கறதும் ஆறுதான் மாமா. ஆனா அது தெனமும்."

அந்த ஆறை முடித்துவிட்டுத்தான் எனக்கு டீ போட்டிருக்கிறாள். நான் அதைத் தாலாட்டு மாதிரி கேட்டுத் தூங்கியிருக்கிறேன்.

டிச. 16, செவ்வாய்

தாடைச் சிவப்பு ஞாயிறு சாயங்காலமே போய்விட்டது. நேற்று வரை மயிர்க்கால்களில் சின்னத் தடிப்பு, லேசாகக் காந்துகிறது என்றாள். ஈரத்துணி. சன்ஸ்கிரீன் தீர்கிறது, வாங்க வேண்டும். வண்டி செயின் தளர்ந்திருக்கிறது.

டிச. 29, திங்கள்

முகம் கழுவினால் முடி உதிர்கிறது, மிளகுத்தூள் மாதிரி. அங்கங்கே. சில இடத்தில் அப்படியே நிற்கிறது. டிரெய்னர் வேலை என்ன ஆச்சு என்றேன், இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றேன்.

"பாதி போயிருக்குது, பாதி இருக்குது. பாதி மூஞ்சிய வெச்சிகினு எப்பிடிப் போறது?"

முழுசாகப் போக ஜூன் ஆகும், அதுவும் ஹார்மோனைப் பொறுத்தது என்றேன். சரியான கணக்கு. அவள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். என் வாயில் ஒரு ஆஃப் பட்டன் வைக்க வேண்டும்.

ஜன. 5, திங்கள்

பனி. இன்னும் விடியவில்லை. பாதித் தூக்கம். குழாய்ச் சத்தம், அதற்கு அடியில் அது. ஒகட்டி. ரெண்டு.

போர்வையோடு எழுந்து ஓடினேன். ட்வீசரைக் கீழே போடு என்று கதவைத் தட்டினேன். தாழ் போடவில்லை, திறந்துகொண்டது.

யூனிஃபார்மில் நின்றாள். கழுத்தில் ஐடி கார்டு. கை வெறும் கை. கண்ணாடியைப் பார்த்து, விரலை நீட்டி. அதில் என்னைப் பார்த்ததும் விரல் நின்றது. இன்றைக்கு வரும் புது பேட்சில் பாதிப் பேர் ஆந்திரா பக்கத்துப் பிள்ளைகளாம், கிளீன் ரூமுக்குள் போகும் முறையைத் தெலுங்கிலும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். ஒகட்டி, முடியை உள்ளே தள்ளணும். ரெண்டு, தொப்பி. மூடு, மாஸ்க். போன புதனே சரி என்று சொல்லிவிட்டாளாம். எனக்குச் சொல்லவில்லை, ஜூன் கணக்கு சொல்வேன் என்று.

குழாய் எதற்கு என்றேன்.

"உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னுதான். எப்பவும் அதுக்குத்தான்."

குழாயை மூடினேன். ட்யூப்லைட் நேராக அவள் முகத்தில். தாடையில் நாலைந்து முடி, நன்றாகத் தெரிகிறது. அவளும் பார்த்திருக்கிறாள். மாஸ்க் எங்கேயும் காணோம்.

"உங்களால மறந்துட்டன். மூடு மாஸ்க். அப்புறம் என்ன?"

"நாலுகு" என்றேன்.