வரிசையில் நின்ற குடங்கள்

மைனி,

ஓட்டு எண்ணி முடித்த அன்று சாயங்காலம் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "ஏட்டி, நான் பேசினது சரியாத்தான இருந்துச்சு?" சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

இன்று காலை குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. மழை தொடங்கியதும் கார்ப்பரேஷனில் கூடுதலாகக் கலப்பார்களே, அந்த வாடை. முதல் செம்பை முகத்தருகே கொண்டுபோனதும் உங்கள் நினைவுதான். எல்லோரும் முகம் சுளித்தால் நீங்கள் மட்டும், "வாடை அடிச்சா நல்லதுட்டீ. எவனோ ஒருத்தனாவது நம்மள நெனச்சிருக்கான்" என்பீர்கள்.

வாடை இல்லாத நாட்களில்தான் உங்களுக்குப் பயம். தாராவியில் நம் சந்துக்கென்று இருந்த ஒரே குழாய் சாக்கடையை ஒட்டி நின்றது. மண்ணுக்கடியில் எங்கோ உடைப்பு. ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளை சுருண்டு படுக்கும். கவுன்சிலரைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனீர்கள். இந்தக் குடிசைகள் வரைபடத்திலேயே இல்லை, இல்லாத இடத்துக்குக் குழாய் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். "படத்துல இல்லாதவ ஓட்டு மட்டும் அவனுக்கு எப்படிட்டீ தெரியுது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, அடுத்த தேர்தலில் நீங்களே நிற்கப் போவதாகச் சொன்னீர்கள்.

"கார்ப்பரேஷன்ல தண்ணிக்குன்னே ஒரு கமிட்டி இருக்காம்லா. எந்தத் தெருவுக்குக் குழாய்னு அங்கதான் முடிவு பண்ணுதாவ. நான் அதுல போய் உக்காரணும்."

தோல் பதனிடும் இடத்தில் வேலை முடித்து வந்திருந்த அண்ணன் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் எனக்குச் சொந்த மைனி இல்லை. அண்ணன் எங்கள் ஊர்க்காரர், அடுத்த வீட்டுக்காரர், அவ்வளவுதான். மாட்டுங்கா வாசகசாலையிலிருந்து நான் கொண்டுவரும் புத்தகங்களை நீங்கள் ஒருநாளும் புரட்டியதில்லை. ஆனால் நான் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் வரவிட மாட்டீர்கள். வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட அன்று, "நீ நோட்டீசு எழுது, நான் கத்துதேன்" என்றீர்கள். எனக்கு அப்போது ஓட்டுப் போடும் வயதுகூட ஆகவில்லை. சுயேச்சைகளுக்கான சின்னங்களைக் காட்டியபோது சைக்கிள், விளக்கு, ஏணி எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் குடத்தின்மேல் விரலை வைத்தீர்கள்.

மேடை போடவில்லை, மைக் கட்டவில்லை. நீங்கள் ஓட்டுக் கேட்ட விதத்தை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. விடியலில் குழாயடி வரிசையில் குடத்தோடு நிற்பீர்கள். முன்னால் இருப்பவளிடமும் பின்னால் இருப்பவளிடமும் பேசுவீர்கள். உங்கள் முறை வந்ததும் தண்ணீர் பிடிக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி வரிசைக் கடைசிக்குப் போவீர்கள். அங்கே புதிதாக இரண்டு பேர் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் நிற்கும்வரை இப்படியே. "ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டாரப் போறாளாம், வீட்டுல மூஞ்சி கழுவ சொட்டு இல்ல" என்று அண்ணன் புலம்புவார். என் வீட்டிலிருந்து ஒரு வாளி எடுத்து வந்து வைப்பேன்.

எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் குழாயடிக்கே வந்து வம்பிழுத்தான். "யக்கா, கொடத்தத் தூக்கிட்டு கார்ப்பரேஷனுக்குப் போனா அங்கயும் வரிசைல நிப்பாட்டிருவான்."

"நிக்கேன். இங்க நின்னு பழகின காலுதானல."

அன்று வரிசையே சிரித்தது. நாம் ஜெயித்துவிடுவோம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஓட்டுப் போடும் நாளில் நடந்ததற்கு யாரைச் சொல்வது? நம் பெண்கள் குழாயடியில் முழு நேரமும் நிற்பதில்லை. குடத்தை வைத்துவிட்டு உலைவைக்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தை யாரும் நகர்த்தக் கூடாது. அதைத்தான் அன்றும் செய்தார்கள். விடியும் முன்பே வந்து, ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்தின் வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஆண்களை வேலைக்கு அனுப்ப வீட்டுக்குப் போய்விட்டார்கள். பித்தளையும் மண்ணும் தகரமும் தெருமுனைவரை நின்றன.

அதே எதிர்க்கட்சிக்காரன் அதிகாரியிடம் ஓடினான். வேட்பாளரின் சின்னத்தை வாசலிலேயே பரப்பிப் பிரசாரம் செய்கிறார்கள் என்று புகார். அதிகாரி வெளியே வந்து பார்த்தார். பார்த்தால் அப்படித்தானே தெரியும்! "ஹடாவ், ஹடாவ்" என்று போலீஸ்காரர்கள் குடங்களை அள்ளி மூலையில் குவித்துவிட்டார்கள்.

பெண்கள் திரும்பி வந்தபோது வரிசை இல்லை. "என் கொடம் ஒனக்கு முன்னாலல்லா இருந்துச்சு!" "போடீ, கோழி கூவுமுன்ன வச்சிட்டுப் போனவ நானு!" வேறு ஆட்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் குவியலில் குடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நடுவில் புகுந்து, "கொடம் போனாப் போவுது, ஆளா வந்து நில்லுங்கட்டீ!" என்று தொண்டை கிழியக் கத்தினீர்கள். பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பேர் கோபத்தோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றீர்கள். முடிவு தெரிந்ததும், "என் சின்னத்தையே போலீசு தூக்கிட்டான் பாத்தியா" என்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காமாலை. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். கண்கள் மஞ்சளாக இருந்தன. "குழாயடியில இப்ப யாரு சண்ட போடுதா?" என்றீர்கள். ஒவ்வொருத்தியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டீர்கள். நர்ஸ் மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினாள். அதுதான் கடைசி.

இப்போது செம்பூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். கூட வேலை செய்பவள் கை கழுவிவிட்டுப் பேசிக்கொண்டே நிற்பாள், குழாய் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து போய் மூடிவிட்டு வருவேன். இதை உங்களிடம் சொன்னால் என்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருவேன். திட்டு முழுவதும் உங்கள் குரலிலேயே கேட்கும். சந்துக்குள் நுழைந்ததும் உங்கள் வாசலில் வேறு யாரோ கோலம் போட்டிருப்பார்கள்.

கூட்டத்தில் பேச எழுந்தால் எனக்கு இன்னும் வாய் உலர்ந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஒருத்தியிடம் பேச மட்டும் உங்களிடமிருந்து வந்திருக்கிறது.

இந்தத் தேர்தலில் நான் நின்றேன், மைனி. உங்களுக்கு விழுந்ததில் பாதிகூட எனக்கு விழவில்லை. சந்துக்குள் புதுக் குழாய் இன்னும் வரவில்லை. போன வாரம் கார்ப்பரேஷனில் குழாய் கேட்டு மறுபடியும் மனுக் கொடுத்தேன்.