அரை மணி நேரம் வாய் திறக்காமல்

7-7-2025, திங்கள்

மூத்த பேரன் அறிவழகன் சென்னையில் பேங்கு ஆபீசர். முதல் தடவை எழுதிய பரீட்சையிலேயே வேலை. அனுப்பிரியா சிதம்பரத்தில் விவசாயப் படிப்பு படித்தாள், வகுப்பில் இரண்டாவது. இப்போது கோயம்புத்தூரில் மேல்படிப்பு. வினோதினி பத்தாவதில் 478. கடைக்குட்டி இளவரசு நீச்சலில் மாவட்டத்துக்கே இரண்டாவது, வெள்ளி மெடல்.

இதையெல்லாம் இன்று கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்து அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தன் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று ஆரம்பித்தாள். விடுவேனா? இளவரசு பேச்சுப் போட்டியில் ஜெயித்ததையும் எடுத்து விட்டேன். பாதியில் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிரஷர் 190. இரண்டாவது தடவையாக ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டது.

டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் கறார். "வலது கண்ணுல புரை நல்லா முத்திடுச்சும்மா. இன்னும் தள்ளிக்கிட்டே போனா கஷ்டம். மாத்திரைய மாத்தித் தரேன். அது மட்டும் பத்தாது. தெனம் காலைல பீச்சுல அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. பேசக்கூடாது."

"பேசாமயா?"

பெற்ற மகள் காயத்ரி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். "வேற வைத்தியம் எதுனா இருக்கா டாக்டர்? இது எங்கம்மாவால ஆவாது."

25ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் பிரஷர் இறங்கவில்லை என்றால்? இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. இந்த வரியே கோட்டைத் தாண்டி எங்கோ போகிறது.

ஒரு வாரம் என்று சிதம்பரத்திலிருந்து ஒரே பையோடு வந்தேன். இனி அதுவரை கடலூரில் மகள் வீடுதான்.

9-7-2025

மாப்பிள்ளை தேவநாதன் விடியற்காலை வண்டியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இறக்கிவிட்டார். நாலு நிமிஷம் உட்கார்ந்தேன். ஒருவர் நாயோடு போனார். நாய்க்கு என்ன பேர் என்று கேட்டேன். நாயைப் பற்றிக் கேட்டது பேச்சில் சேருமா?

11-7-2025

எனக்குப் பத்தடி தள்ளி ஒருத்தி மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாக்கா, வூட்ல சண்டையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாய் வராதா?"

வாய் வராதா! எனக்கா! டாக்டர், பிரஷர், பேரப்பிள்ளைகள் நாலு பேர் என்று எல்லாம் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. அவள் பேர் ராசம்மாள்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. எங்க போட்டு கடலுக்குப் போவுல, அதான் ஒங்கிட்ட வாயடிச்சேன்" என்றாள். "போயிருந்துச்சின்னா நான் பேசவே மாட்டேன். பேசிக்கிட்டிருந்தா இஞ்சின் சத்தம் கேக்காது. கேட்டாதான் என் வூட்டுக்காரரு வராருன்னு அர்த்தம். நாளைலேந்து நீயும் கேளு. ஒனுக்கும் வேலையாச்சு."

14-7-2025

சூரியன் எனக்குக் கரைத்த மஞ்சள் மாதிரிதான் தெரிகிறது. காதுக்கு ஒன்றும் குறையில்லை. முதலில் என் மனசு பேசிக்கொண்டே இருந்தது – பேங்கு, மெடல், மார்க்கு. அப்புறம் அலை. ஒரு அலை உள்ளே போய் அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் சத்தமே இல்லாத இடம் இருக்கிறது. இத்தனை வயசுக்கு இதைக் கவனித்ததில்லை. அந்த இடத்தில் தூரத்தில் டபடபவென்று ஒரு சத்தம். ராசம்மாளுக்கு முன்னால் எனக்குத்தான் கேட்டது! அவள் தொடையில் தட்டிக் கையைக் காட்டினேன். எழுந்து ஓடினாள்.

16-7-2025

இருபத்திரண்டு நிமிஷம்.

19-7-2025

மாப்பிள்ளை வந்து கூப்பிட்ட பிறகுதான் அரை மணிக்கு மேல் ஆகியிருப்பது தெரிந்தது. "தூங்கிட்டீங்களா அத்தை?" என்றார். தூங்கவில்லை. அப்படியானால் என்ன செய்தேன்? சொல்லத் தெரியவில்லை. ராத்திரி ரசம் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

24-7-2025, ஆடி அமாவாசை

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. பெரியவர்களுக்குத் திதி கொடுக்க எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். நான் ஓரமாக, வழக்கமான இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மணலில் பாழாகுமே என்று சாயம் போன பழைய புடவைதான்.

மடியில் ஏதோ விழுந்தது. ஒரு சோற்றுப் பொட்டலம், இரண்டு வாழைப்பழம்.

"சாப்புடுங்க ஆயா" என்றாள் ஒரு பெண். அடுத்து அவள் புருஷனிடம், "பாவங்க. பெத்த புள்ளைங்களே கொண்டாந்து வுட்டுட்டுப் போயிருக்கும்."

எனக்கு ஒடம்பெல்லாம் கொதிச்சுப் போச்சு. யாருடி வுட்டுட்டுப் போனது? பேங்கு ஆபீசரோட ஆயாடி நானு! நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. நாளைக்குப் பிரஷர் பார்க்கணும் என்பதுகூட நினைவில்லை. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கையைத் தூக்கிவிட்டேன்.

"எங்கம்மா போயி மொத ஆடி அமாவாசை ஆயா" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நீட்டிய என் கையை ஈரக் கையால் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் எள் ஒட்டியிருந்தது.

என் பெருமையை அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அம்மாவுக்குக் கொடுக்கிற சோறு இது. நான் வாயைத் திறந்தால் வெட்கப்பட்டு இன்னும் அழுவாள். பொட்டலத்தை மடியிலேயே விட்டு, தூக்கிய கையை அவள் தலையில் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இன்றைக்குப் படகு போகாததால் ராசம்மாள் தூரத்திலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "யக்கா! ஒரு நொடில ஒன்னியப் பிச்சக்காரி ஆக்கிட்டாங்களே!"

"சிரிக்காதடி. ஒக்காந்து நீயும் துன்னு."

சாம்பார் சாதம், ஒரு வடை. வடையைப் பாதியாகப் பிட்டோம். உப்பு கொஞ்சம் கம்மி. மற்றபடி நல்ல கைப்பக்குவம்.

காயத்ரியிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து பட்டுப்புடவை கட்டித்தான் கடற்கரைக்கு அனுப்புவாள்.

25-7-2025

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள், "ஒங்களுக்கு எத்தினி பேரப்புள்ளைங்க?" என்றாள்.

"நாலு" என்றேன்.

அவ்வளவுதான். காயத்ரி பயந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஏம்மா, ஒடம்புக்கு என்னா பண்ணுது?"

பிரஷர் 142. திங்கட்கிழமை ஆபரேஷன்!

28-7-2025

முடிந்தது. வலி இல்லை. ஒற்றைக் கண்ணில் எழுதுகிறேன்.

3-8-2025, ஆடிப் பதினெட்டு

கண்ணில் மணல் பட்டுவிடும் என்று ஒரு மாசம் கடற்கரைக்குப் போகக்கூடாதாம். கறுப்புக் கண்ணாடி போட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு முருங்கைமரத்தில் இலை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கீழே தேன்சிட்டு ஒன்று நீலமாக மினுங்கிவிட்டுப் போனது.

ராசம்மாள் பையில் சங்கரா மீனோடு என்னைப் பார்க்க வந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கிறாள்! இத்தனை நாள் கூடவே உட்கார்ந்திருந்தேன், இன்றைக்குத்தான் மூஞ்சியைப் பார்க்கிறேன். "என்னாக்கா இப்புடிப் பாக்குற?" என்று வெட்கப்பட்டாள்.

அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் வாங்கியதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அனுப்பிரியாவின் மச்சம் எந்தக் கன்னத்தில்? தெரியவில்லை. அறிவழகன் இப்போது மீசை வைத்திருக்கிறானா?

அவனுக்குப் போன் போடச் சொன்னேன். "என்னா வேணும் ஆயா?"

"தீபாவளிக்கு நீங்க வர வரைக்கும் காத்துக்கிட்டிருக்க முடியாது. இந்த மாசமே நாலு பேரும் ஒண்ணு சேந்து புதுசா ஒரு போட்டோ எடுங்க. மேடை, கோட்டு, கப்பு ஒண்ணும் வேணாம். சும்மா உக்காந்திருங்க."

"சரி, வாட்ஸப்புல அனுப்புறேன் ஆயா."

"அது கட்டை விரல் அளவு இருக்கும். பெரிசா கழுவித் தபால்ல போடு. அதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடுவேன், சிதம்பரம் விலாசத்துக்கே அனுப்பு. ஒங்க மூஞ்சியைப் பாக்கணும்டா."