தேவையில்லாதது

ஏற்காடு
நவம்பர் 18

அன்பு மகள் அபிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன், நான் சுகமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல். டெல்லியில் குளிர் தொடங்கியிருக்கும், நர்சிங் ஹாஸ்டலில் வெந்நீர் வருகிறதா என்று கேட்டால் வருகிறது என்றுதான் சொல்வாய். இங்கே விடாத மழை, மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாளாகப் பஸ்ஸை அடிவாரத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள், நம் சிசிடிவி கடைக்கு வரவேண்டிய கேமரா வயர் சேலத்தில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா தினமும் ரசம் கொடுத்துவிட்டு, ஏனுங்க தம்பி, பொண்ணு எப்ப வருது, நொம்ப நாளாச்சே என்று கேட்டுப் போகிறது.

போனில் பேசுகிறவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதைத் தாங்கமாட்டாமல் கத்துவேன், இருபது வயதில் அப்பனானவனுக்கு இன்னும் பொறுமை வரவில்லை என்று உன் அம்மாவே சொல்வாள். அவள் கர்த்தரிடம் போய் எட்டு மாதமாகிறது. போன ஞாயிறு நீ கேட்டாயே, கடைசி மாதங்களில் அம்மா உனக்காகப் பேசி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த பதினோரு பதிவுகள், இப்பத்தான் கேக்கத் தைரியம் வந்துதுப்பா, அனுப்புங்க என்று. நெட் மெதுவாக இருக்கிறது என்றேன். பொய். அவை இல்லை. நான் அழித்துவிட்டேன்.

ஜூனில் ஒரு லாட்ஜின் கேமராப் பதிவை இறக்கிவைக்க இடம் போதவில்லை. ‘தேவையில்லாதது’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன். அம்மா அந்தப் பெயரை ஏன் வைத்தாள் என்று நீ ஞாயிறன்று சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். உங்கப்பாரு குப்பையத் தொறந்து பாக்கற ஆளா கண்ணு, அதுக்குத்தான் அந்தப் பேரு, மொதல்ல நீ கேளு என்றாளாமே. திறக்கமாட்டேன் என்பதைச் சரியாகக் கணித்தவள், துடைத்துப்போடுவேன் என்பதை விட்டுவிட்டாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நகல் எடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, வெளி டிஸ்கில் இருக்குமே என்பாய். போன வருஷம் அதைத் தேர்ந்தெடுக்கும்போது, அழித்த ஃபைலையும் ஒரு வருஷம் வைத்திருக்கும் ஒன்றை நீ காட்டினாய். குப்பைக்கு எதற்குக் காவல், கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும் டிஸ்கில் இருந்தால் போதும் என்று வேறொன்றைப் போட்டேன். டிப்ளமோ படித்தவனுக்கு நர்சுக்குப் படிக்கிறவள் பாடம் எடுப்பதா என்று வேறு கேட்டேன். நான் போட்ட சாஃப்ட்வேர் ஒரு தப்பும் செய்யவில்லை. காலையில் நான் இங்கே அழித்தேன், ஆறு மணிக்கு அது அங்கேயும் அழித்தது. நீ கேட்ட மறுநாளிலிருந்து மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு மீட்டெடுக்கப் பார்த்தேன். டிஸ்கைச் சேலத்துக்கும் கொண்டுபோனேன், அது மேலயே கேமராப் பதிவு ஏறிருச்சுங்க, ஒண்ணும் தேறாதுங்க என்று கையில் கொடுத்துவிட்டார்கள். லாட்ஜ் வாசலில் கார்கள் வந்துபோவது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அந்த சாஃப்ட்வேர் என்றைக்கு எதை அழித்தது என்று ஒரு குறிப்பு வைக்கும். அதில் பெயர்கள் கிடைத்தன, அம்மா டைப் செய்தபடியே எழுதுகிறேன். சாப்டியா கண்ணு. குளிருக்கு. மீன் கொழம்பு. அப்பா கத்துனா. நைட் டூட்டி. காச்சல். ஊட்டு நெனப்பு வந்தா. கோயிலுக்கு. மாப்ள பாக்கறப்ப. மொத கொழந்தை. பதினோராவது, ‘அவருக்கு’. இருப்பதிலேயே சின்ன ஃபைல் அதுதான், அரை நிமிஷம்கூட வராது. அதைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் எழுது, திட்டாக இருந்தாலும் அப்படியே எழுது.

உன் லேப்டாப்பில் நீ சொன்ன அந்த சாஃப்ட்வேரையே போடு. பெயரைப் பார்த்து எதையும் அழிக்காதே. என்மேல் எவ்வளவு கோபமானாலும் கிறிஸ்துமஸுக்கு வா. மீன் குழம்பு வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதை மட்டும் சொல்லித்தர முடியும். மற்றதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை கண்ணு.

கர்த்தர் உன்னை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா
ஆசிர்