சாந்திக்குப் பள்ளிக்கூடம் தேடின சமாச்சாரம்

உ

செஞ்சி
9-9-66

செல்ல மகள் மனோரமாவுக்கு அம்மா எழுதுவது. இங்க நானும் உங்க நைனாவும் நல்லா இருக்கிறோம், ராஜகிரி மலையும் இருந்த இடத்திலயே நல்லா இருக்குது. பிலாயில நீயும் மாப்பிள்ளையும் அந்த இரும்பு ஆலைப் புகையில இருமல் கிருமல் இல்லாம சுகமா இருக்கணும்னு தினமும் சாமி விளக்கு ஏத்தும்போது வேண்டிக்கிறேன். நீ போட்ட ரெண்டு கடுதாசியும் வந்துது, பதில் போடலைன்னு கோபப்படாதே, இங்க நடந்த கூத்துல எனக்குத் தலை வாரவே நேரமில்லை. மழை ரெண்டு தூறல் போட்டுட்டுப் போயிடுச்சி. நைனாவோட பாத்திரக் கடையில வியாபாரம் சுமார்தான், ஆவணி முகூர்த்தத்துக்கு அண்டாவும் குடமும் கொஞ்சம் போச்சி.

நீ எடுத்த எடுப்பிலயே உன் தங்கச்சி சாந்தியைப் பத்திக் கேட்டிருக்கிறே. அதைத்தான் எழுத வந்தேன், ஆனா முதல்லருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். போன வருஷம் அவளை இங்க ஒரு பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புல சேத்தோமே, ஒரு நாள் தவறாம போனா, பலகையும் மோர்சோறும் நானே கட்டி அனுப்புவேன். பரீட்சை முடிஞ்சதும் பெரிய வாத்தியார் உங்க நைனாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு ஒரு நாள் கூடப் பள்ளிக்கூடம் வரலியே, எப்படி ரெண்டாம் வகுப்புக்குத் தூக்கிப் போடறதுன்னு கேட்டாராம். நைனாவுக்குத் தூக்கி வாரிப்போட்டுது. இன்னாய்யா சொல்றீங்க, அப்போ வருஷம் பூரா மோர்சோறு தின்னது யாருன்னு கேட்டிருக்காரு. விஷயம் இன்னான்னா, தினமும் பேர் கூப்பிடும்போது எல்லாப் பிள்ளைங்களும் உள்ளேன் ஐயா சொல்லுது, இவ மட்டும் முன் வரிசையில உக்காந்துக்கினு வாத்தியார் கழுத்துல இருக்கிற மச்சத்தைப் பாத்துக்கினு இருந்திருக்கா. பதில் சொல்லலைன்னா வரலைன்னு கணக்காம். பொண்ணு எதிர்லயே இருந்துதே, கண்ணு தெரியலியான்னு நைனா சத்தம் போட, அவரு நிதானமா, பொண்ணு வந்திருக்கலாம் ஆனா ஆஜர் இல்லைன்னு சொன்னாராம். அப்புறம் கொஞ்சம் இரக்கப்பட்டு, காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு தனியா பள்ளிக்கூடம் மதராசில இருக்குதாம், எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது, போய் விசாரிங்கன்னும் சொல்லியிருக்காரு.

நைனா கேப்பாரா. யாருக்குக் காது கேக்கலைங்கறே, அவளுக்கு எல்லாம் கேக்குது, உன் பிறந்த வீட்டுப் பிடிவாதம் அதான் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்னு என் மேலயே பாஞ்சாரு. ரெண்டு வயசுல வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நீதானே முதல்ல கண்டுபிடிச்சி, அம்மா இவளுக்குக் கேக்கலைன்னு சொன்னே, அப்பவும் இதே பாட்டுதான் பாடினாரு. அதுக்குள்ள கடைத்தெரு பூரா சேதி பரவி ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி பூண்டு எண்ணெயை ஊத்துங்கறா, ஒருத்தர் கழுதைப் பால்ங்கறாரு, சங்கை ஊதினா காது திறக்கும்னு ஒருத்தர் சங்கோடயே வந்துட்டாரு. கடைசியில மலையனூர் அங்காளம்மன்கிட்ட கொண்டு போனா எல்லாம் சரியாயிடும்னு நைனாவே முடிவு பண்ணி, அமாவாசை ஸ்பெஷல் பஸ்ல கிளம்பினோம். அந்தக் கூட்டத்துல என் ஒரு கால் செருப்பு போனதுதான் மிச்சம்னு சொல்ல முடியாது, இன்னொண்ணும் நடந்துது. மத்தியானம் கோயில் வாசல்ல பம்பைக்காரரு, குழந்தைக்கு அம்மன் செவி கொடுக்கட்டும்னு காதுகிட்டயே வெச்சி அடிச்சாரு பாரு, எனக்குப் பல்லெல்லாம் ஆடுது, பக்கத்துல மூணு பேருக்கு சாமி வந்துடுச்சி. சாந்தி என் மடியில வாயைத் திறந்துக்கினு நிம்மதியா தூங்கறா. அதைப் பாத்தாரு நைனா. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சிக்கினாரு.

ஆனா அம்மன் செவி கொடுக்கறதுக்குப் பதிலா செவியை எடுத்துக்கினா, அதுவும் உங்க நைனா செவியை. பம்பைக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்து நின்னவரு அவருதானே. வீட்டுக்கு வந்தா ரெண்டு காதும் கிண்ணுன்னு அடைச்சிப் போச்சி, நான் இன்னா சொன்னாலும் இன்னா இன்னாங்கறாரு. கடைக்குப் போகாதீங்கன்னா, சோறு அப்புறம் சாப்டறேன்னுட்டுப் போயிட்டாரு. நான் பின்னாலயே போய்ப் பாத்தா, மேல்சித்தாமூர்லருந்து ஒரு சமண நயினார் வீட்டுக்காரங்க கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்திருக்காங்க, அண்டா இருக்குதான்னு அவங்க கேக்க, இவரு உங்க ஆசீர்வாதத்துல எல்லாரும் சௌக்கியம்ங்கறாரு. பெரிய அண்டாங்க பெரிய அண்டான்னு அவங்க கத்த, பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி பிலாயில இருக்கான்னு உன் கதையைச் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. சாந்திதான் அவங்க கையை விரிச்சிக் காட்டினதைப் பாத்துட்டு உள்ளருந்து அண்டாவை உருட்டிக்கினு வந்தா. அன்னிலருந்து காது திறக்கிற வரைக்கும் கடை அவ ராஜ்ஜியம்தான். நைனா வேட்டியைப் பிடிச்சி இழுத்துத் திருப்புவா, யார் பேசறாங்களோ அவங்க வாயைப் பாருன்னு விரலால காட்டுவா, அவரு பராக்குப் பாத்தா முகவாயைப் பிடிச்சித் திருப்பி வைப்பா. அவ்வளவு சந்தோஷமா அவளை நான் பாத்ததே இல்லை, வீட்டுல தன்னை மாதிரி இன்னொரு ஆள் கிடைச்சிட்டான்னு நினைச்சிக்கினா போல. காது திறந்த அன்னிக்குக் காலையில நைனா காபி டம்ளரைக் கூடக் கீழ வைக்காம சொன்னாரு, ரஞ்சிதம், நாலு பேர் நடுவுல ஒண்ணும் புரியாம சிரிச்சிக்கினே உக்காந்திருக்கிறது இருக்குது பாரு, அது பெரிய கொடுமை, இந்தக் குழந்தை எத்தனை வருஷமா அப்படி உக்காந்திருக்குது, கிளம்பு மதராசுக்குன்னாரு.

மதராஸ் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, தங்கமானவங்க. சாந்தியை முக்காலியில உக்கார வெச்சி, முதுகுப் பக்கம் நின்னு மணி அடிச்சாங்க, சத்தம் கேட்டா கையைத் தூக்கணும்னு சைகையில சொல்லிக் கொடுத்தாங்க. மணி அடிக்கிறாங்க, இவ கையைத் தூக்கறா. சின்ன மணி, கை தூக்கறா. ஸ்பூனைத் தட்டறாங்க, அதுக்கும் தூக்கறா. டாக்டரம்மா, நல்லாத்தானே கேக்குது எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்கங்கறாங்க. எனக்கு ஒரு நிமிஷம் தெய்வமேன்னு இருந்துது. அப்புறம்தான் எதிர்ல பாத்தேன், உங்க நைனா உக்காந்துக்கினு ஒவ்வொரு மணிக்கும் உம் உம்னு தலையை ஆட்டறாரு, அவ அந்தத் தலையைப் பாத்துத் தூக்கறா. தெரிஞ்சி செய்யலை பாவம், ஆசை. டாக்டரம்மா, அவரை வெளிய அனுப்பிட்டு அடிங்கன்னேன். அவரு வெளிய போனாரு. அப்புறம் எந்த மணிக்கும் கை எழுந்திருக்கலை, கதவையே பாத்துக்கினு உக்காந்திருந்தா. காய்ச்சல்லயே காது நரம்பு போயிடுச்சி, இனிமே எண்ணெய் கிண்ணெய் ஊத்திப் புண்ணாக்காதீங்க, ஆனா புத்தி கத்தி மாதிரி இருக்குது, பேச்சு காதுல விழாததாலதான் வாய்க்கு வரலை, சொல்லிக் கொடுத்தா வரும்னு சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்து விலாசமும் எழுதிக் கொடுத்தாங்க.

கன்னியாஸ்திரி அம்மாமாருங்க நடத்தற பள்ளிக்கூடம். நாங்க போகும்போது பிள்ளைங்களை விளையாட விட்டிருந்தாங்க. மனோரமா, நீ பாத்திருக்கணும், மைதானம் பூரா பிள்ளைங்க, ஆனா இரைச்சல் இல்லை, கையும் விரலும் கண்ணும் மூஞ்சியும்தான் பறக்குது. வகுப்புல வாயாலதான் பேசணுமாம், வெளியில வந்தா அவங்க பாஷையே வேற. இவ என் முந்தானையைப் பிடிச்சிக்கினு கொஞ்ச நேரம் முறைச்சிப் பாத்தா. அப்புறம் முந்தானையை விட்டுட்டா. நான் சிஸ்டர் கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பினா நடுவுல நின்னுக்கினு, எங்க பஸ் கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழிச்சதை நடிச்சிக் காட்டறா, சுத்தி நின்னு அத்தனையும் சிரிக்குது. ஒரு தடவை கூட என்னைத் திரும்பிப் பாக்கலை. எனக்கு அழுகை வந்துது, அது எந்த மாதிரி அழுகைன்னு எனக்கே தெரியலை. ஆனா சிஸ்டர் சொன்னாங்க, வகுப்புல இடம் இருக்குது, ஹாஸ்டல்ல இடமே இல்லை, மதராசில சொந்தக்காரங்க வீட்டுல தங்கி வந்து போனா இப்பவே சேத்துக்கறோம், இல்லைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்னு.

மதராசில நமக்கு இருக்கிற ஒரே சொந்தம் யாரு, அயனாவரத்துல உங்க ராஜம்மாள் அத்தை. உன் கல்யாணத்துல பாயசம் அடி பிடிச்சிப் போச்சின்னு சம்பந்தி காதுல விழற மாதிரி சொன்னாங்கன்னு உங்க நைனா அன்னிக்கு நிறுத்தின பேச்சு, கூடப் பிறந்த அக்கான்னு கூடப் பாக்கலை. நான் போகவே மாட்டேன்னாரு. நான் சாந்தி கையைப் பிடிச்சிக்கினு நடந்தேன், பின்னாலயே வந்தாரு. அத்தை கதவைத் திறந்து, வா ரஞ்சிதம், கண்ணு வா, வெளியில யாரோ நிக்கிறாங்களே, வர்றதுன்னா அவங்களும் வரட்டும்னாங்க. ஒரே பெஞ்சி, இந்த முனையில அவங்க, அந்த முனையில இவரு, நடுவுல நான். காபி குடிப்பாங்களான்னு கேளுன்னு அவங்க என்னைக் கேக்க, நாங்க ஒண்ணும் காபிக்கு வரலைன்னு சொல்லுன்னு இவரு என்கிட்டச் சொல்ல, ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்குது, ஆனா எல்லாத்தையும் நான் இன்னொரு தடவை சொல்லணும். சாந்தி எதிர்ல நின்னு ரெண்டு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் நைனா மாதிரியே மோவாயைத் தூக்கிக் கூரையைப் பாத்தா, அடுத்து அத்தை மாதிரியே உதட்டைக் கடிச்சிக்கினு தோள்ல முகத்தை இடிச்சிக்கினா, கடைசியில என்னைப் பாத்து, நான் அடிச்சிக்கிற மாதிரியே தலையில அடிச்சிக்கினா. முதல்ல அத்தைதான் சிரிச்சாங்க. டேய் தனகோட்டி, உன் மூஞ்சி அப்படியே இருக்குதுடான்னாங்க. நைனா சிரிச்சாரு பாரு, மூக்குல புரையேறிப் போச்சி. பாயசம் அடி பிடிச்சது நிஜம்தான் அக்கான்னாரு. அது கிடக்குது போ, குழந்தை இங்கயே இருக்கட்டும், ஆனா எனக்கு இந்தக் கை பாஷையெல்லாம் தெரியாதேன்னாங்க அத்தை. நீங்க வாயைத் திறந்து பேசினாலே போதும் அண்ணி, எட்டு வீடு தள்ளி இருக்கிறவங்களுக்கே புரியும்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

அப்படித்தான் சாந்தியை ஆனியில விட்டுட்டு வந்தோம். வர்ற வழியெல்லாம் நான் அழுதேன், நைனா என்னைத் தேத்தறேன்னுட்டு திண்டிவனம் வரைக்கும் என்னை விட அதிகமா அழுதாரு. வீடு வெறிச்சோடிக் கிடக்குது. அத்தை தினமும் பஸ்ல கூட்டிக்கினு போய்க் கூட்டிக்கினு வர்றாங்க, கூட்டத்துல இவ எங்கயாவது தவறிட்டா பேர் கூடச் சொல்லத் தெரியாதேன்னு எனக்கு ராத்திரியில தூக்கம் வராது. நைனாவுக்கோ சனிக்கிழமை ஆனா போதும், கடையைச் சாத்திட்டு மதராஸ். திங்கட்கிழமை காலையில அவரே பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத்தான் பஸ் ஏறுவாரு, விட்டா மணி அடிக்கிற வரைக்கும் கேட்டைப் பிடிச்சிக்கினு நிப்பாராம். அங்க பேச்சு சொல்லிக் கொடுக்கறது எப்படின்னா, பிள்ளைங்க வாய்க்கு எதிரில ஒரு காகிதத் துண்டைப் பிடிச்சி, டீச்சர் தொண்டையில கையை வெச்சி அதிர்றதைத் தெரிஞ்சிக்கினு, அதே மாதிரி அதிர்வைத் தன் தொண்டையில வர வைக்கணும், காகிதம் ஆடினா எழுத்து வந்துதுன்னு அர்த்தம். அம்மான்னு முதல்ல வரும்னு நான் காத்துக்கினு இருந்தேன். போன திங்கட்கிழமை வழக்கம்போல நைனா கேட்டைப் பிடிச்சிக்கினு நிக்கிறாரு, சிஸ்டர் போயிட்டு வாங்கன்னாங்க, கூட வந்த அத்தை வாடான்னாங்க, இவரு நகரலை. மத்தப் பிள்ளைங்கெல்லாம் பாக்குதேன்னு சாந்திக்கு வெக்கம். திரும்பி வந்து நைனா கையை எடுத்துத் தன் தொண்டையில வெச்சிக்கினு, நல்லா மூச்சை இழுத்து, "போ"ன்னு சொல்லிட்டா.

போன்னா போக வேண்டியதுதானே. இவரு கையை எடுக்காம, எங்க இன்னொரு தடவை சொல்லுன்னு கேக்கறாரு. அவளும் போ, போ, போன்னு சொல்றா. பெத்தவரைப் போங்கன்னு சொல்லணும்டின்னு அத்தை அதட்டினதுக்கு, அக்கா நீ சும்மா இரு, மரியாதையெல்லாம் அப்புறம் கத்துக்குவான்னு நைனா நடுத்தெருவுல சண்டைக்குப் போயிட்டாராம். செஞ்சிக்கு வர்ற வரைக்கும் பஸ்ல அத்தனை பேர்கிட்டயும், என் பொண்ணு என்னைப் போன்னு சொல்லிட்டான்னு சொல்லிக்கினு வந்திருக்காரு, பாவம் மனுஷனை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்கன்னு நினைச்சி ஒரு அம்மா ரெண்டு வாழைப்பழம் கொடுத்தாங்களாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம். நாளைக்குச் சனிக்கிழமை நானும் போறேன், அவளுக்குப் பிடிச்ச எள்ளுருண்டை பிடிச்சி வெச்சிருக்கேன். என்னையும் ஒரு தடவை போன்னு சொல்லட்டும், சொல்ற வரைக்கும் நானும் அந்தக் கேட்டை விட்டு வரப் போறதில்லை.

நீ உடம்பைப் பாத்துக்கோ, குளிர் ஆரம்பிக்கிறதுக்குள்ள கம்பளிச் சட்டையை வெயில்ல போட்டு எடுத்து வை. பொங்கலுக்குக் கட்டாயம் வரணும். வந்தா சாந்தி எதிர்ல நின்னு, அவ முகத்தைப் பாத்து, மெதுவா பேசு, பின்னாலருந்து கூப்பிட்டுட்டு வரலைன்னு கோவிச்சிக்காதே. முக்கியமா ஒண்ணு, மாப்பிள்ளை மீசை உதட்டை மூடிக்கினு இருக்குது, அதுல பேசினா பாவம் அவளுக்கு ஒண்ணும் புரியாது. வர்றதுக்கு முந்தி கொஞ்சம் கத்தரிச்சிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே. ரெண்டு பேரும் பிள்ளை குட்டியோட, நிறைஞ்ச வீடும் ஓயாத பேச்சுமா நீடூழி வாழணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரஞ்சிதம்